சாட்டைக்காரரும் சின்னப் பெண்ணும்



ஒரு கேள்வியோடு தொடங்கலாம். இரவு எட்டு மணி. தட்டில் சோறு இருக்கிறது. குழந்தை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

“பூச்சாண்டி வருவான்” என்பீர்கள். அதற்கும் வாய் திறக்கவில்லை என்றால்? “குடுகுடுப்பைக்காரன் வருவான்” என்பீர்கள். “சாக்குப் பைக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்” என்பீர்கள். உடனே குழந்தை வாயைத் திறக்கும். ஒரு வாய் சோறு உள்ளே போகும்.

உங்கள் அம்மாவும் உங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார். பாட்டியும் அப்படித்தான் சொல்லியிருப்பார். இதில் என்ன தவறு என்று கேட்கலாம். பூச்சாண்டி என்று உலகத்தில் யாரும் இல்லை. ஆனால் குடுகுடுப்பைக்காரர் இருக்கிறார். அவருக்கு ஒரு பெயர் உண்டு. பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. அவரைக் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்தினால் என்ன ஆகும்? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு கதை. இது குறிப்பிட்ட ஒருவருடைய கதை அல்ல. எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியது. மும்பையில், தாராவியில் நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை

தாராவியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மும்பை நகரத்தின் நடுவே இருக்கும் பெரிய குடிசைப் பகுதி அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிப் போன தமிழர்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். தோல் வேலை, தையல் வேலை, இட்லி வியாபாரம் என்று பல தொழில் செய்கிறார்கள்.

அங்கே ஒரு தாய். அவருக்கு ஆறு வயதில் ஒரு மகள். தாய் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகுதான், மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது கடைப் பலகையைப் படிப்பார். ரேஷன் கடையில் எழுதிப் போட்டிருப்பதைப் படிப்பார். செல்போனில் வரும் செய்திகளையும் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

ஒரு சனிக்கிழமை அவருடைய செல்போனில் ஒரு செய்தி வந்தது. “பிள்ளை பிடிக்கும் கூட்டம் ஊருக்குள் வந்திருக்கிறது. வேஷம் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக வருகிறார்கள். உஷார்! எல்லோருக்கும் அனுப்புங்கள்.”

தாய் அதை மெல்ல மெல்லப் படித்து முடித்தார். யாருடைய உதவியும் இல்லாமல் படித்தார். அதில் அவருக்கு ஒரு பெருமை. உடனே தெரிந்தவர்கள் பத்துப் பேருக்கு அதை அனுப்பினார். அன்று இரவு மகள் சாப்பிட அடம் பிடித்தாள். தாய் சொன்னார்: “ஏட்டி, சீக்கிரம் வாயைத் தொற. வேஷம் போட்டுட்டு புள்ள பிடிக்கிறவன் வந்திருக்கானாம். சாப்பிடாத புள்ளையத்தான் முதல்ல பிடிப்பானாம்.”

மகள் கடகடவென்று சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஆனால் நெடுநேரம் தூங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் சந்துக்குள் சலங்கைச் சத்தம் கேட்டது. மகள் பயந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தாள். வந்தவர் வாசுதேவ். மராட்டிய நாட்டில் அதிகாலையில் பாட்டுப் பாடிக்கொண்டு வருபவரை அப்படித்தான் அழைப்பார்கள். நீண்ட வெள்ளை அங்கி. தலையில் மயில் பீலியால் செய்த உயரமான தொப்பி. கையில் தாளம். கண்ணன் பாட்டைப் பாடி ஆடுவார். யாராவது காசு கொடுத்தால், சாமிகளின் பெயரைச் சொல்லி, தானம் போய்ச் சேர்ந்தது என்று வாழ்த்துவார். இது மிகப் பழைய வழக்கம். ஞானேசுவரர், ஏகநாதர் போன்ற மகான்களே வாசுதேவரைப் பற்றிப் பாடியிருக்கிறார்கள்.

மகள் சேலைக்கு வெளியே ஒரு கண்ணை மட்டும் நீட்டிப் பார்த்தாள். “அம்மா, மயிலு!” என்றாள். தாயும் சிரித்தார். இரண்டு ரூபாய் கொடுத்து அனுப்பினார்.

பிறகு இருவரும் மீன் வாங்கக் கிளம்பினார்கள். பெரிய ரோட்டுக்கு வந்தபோது வேறு ஒரு சத்தம் கேட்டது. மேளத்தை அடிக்கும் சத்தம் அல்ல. மேளத் தோலைக் குச்சியால் தேய்க்கும் சத்தம். ‘குபு குபு’ என்று வயிற்றைக் கலக்கும் சத்தம். அதன் நடுவே வெடி வெடித்தது போல ஒரு ஓசை. ‘டபார்!’

கூட்டத்துக்கு நடுவே ஒருவர் நின்றார். மேலே சட்டை இல்லை. இடுப்பில் பல நிறத் துணிகளைத் தைத்த பாவாடை. காலில் சலங்கை. நெற்றி முழுவதும் மஞ்சளும் குங்குமமும். நீண்ட தலைமுடி. கையில் தடித்த சாட்டை. அவர் சாட்டையைச் சுழற்றித் தன் முதுகிலேயே அடித்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு பெண். அவர் தலையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் அம்மன். இடுப்பில் தொங்கிய மேளத்தை அவர்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இவரைப் போத்ராஜ் என்று மராத்தியில் சொல்வார்கள். கடக் லட்சுமி என்றும் சொல்வார்கள். பெட்டியில் இருப்பது மரியாயி. நம் மாரியம்மனைப் போன்ற தெய்வம். காலராவும் அம்மையும் ஊரை வாரிக்கொண்டு போன காலத்தில் மக்கள் அந்த அம்மனை வேண்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டுத் தெருக்களிலும் இவரைப் போன்ற சாட்டையடிக்காரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஒரு சொல் செய்த வேலை

ஆட்டம் முடிந்தது. போத்ராஜ் ஒவ்வொருவரிடமாக வந்தார். காசு கொடுத்தவர்களின் நெற்றியில் குங்குமம் வைத்தார். தாயும் ஐந்து ரூபாய் கொடுத்தார். அவர் சின்னப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். அவள் நெற்றியில் பொட்டு வைக்கக் குனிந்தார்.

மகள் வீரிட்டு அலறினாள். “அம்மா! புள்ள பிடிக்கிறவன்! புள்ள பிடிக்கிறவன்!”

அந்தத் தெருவில் பாதிப் பேர் தமிழர்கள். எல்லோர் காதிலும் அது விழுந்தது. டீக்கடையில் நின்ற ஆண்கள் திரும்பினார்கள். ஒருவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். “ஏய், யாருடா அது? புள்ளைய என்ன செஞ்ச?” என்றார். இன்னொருவர் செல்போனை எடுத்துக் காட்டினார். “நேத்து செய்தி வந்துச்சே! வேஷம் போட்டுட்டு வருவாங்கன்னு!” என்றார். மூன்றாவது ஆள் போத்ராஜின் கையைப் பிடித்து முறுக்கினார். சாட்டை கீழே விழுந்தது. மேளச் சத்தம் நின்றது. அந்தப் பெண் தலைப் பெட்டியைத் தரையில் இறக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஒரு சின்னப் பையனை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அவர்களுடைய மகன் அவன்.

கூட்டம் பத்துப் பேர், இருபது பேர் ஆனது. என்ன நடந்தது என்று பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாது. ‘பிள்ளை பிடிக்கிறவன்’ என்ற சொல் மட்டும் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

தாய்க்கு நாக்கு உலர்ந்துவிட்டது. அந்தச் சொல் யாருடைய சொல்? நேற்று இரவு அவர் சொன்ன சொல். ஒரு வாய் சோற்றுக்காகச் சொன்ன சொல். அது இப்போது தெருவுக்கு வந்துவிட்டது.

பேசாமல் போய்விடலாம். யாரும் அவரைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் மகளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார்.

“அண்ணாச்சி, அவரை விடுங்க. அவர் ஒண்ணும் செய்யல. பொட்டு வைக்கத்தான் குனிஞ்சார். நான் பக்கத்துலயே நிக்கேன்” என்றார்.

“அப்ப புள்ள ஏன் அப்படிக் கத்துச்சு?”

தாய் தலையைக் குனிந்துகொண்டார். “நான் சொல்லிக் கொடுத்தது அது. சோறு திங்கணும்னு பொய் சொன்னேன். வேஷம் போட்டவன் புள்ளையப் பிடிப்பான்னு சொன்னேன். தப்பு என்னோடது.”

“செய்தி வந்திருக்கேம்மா!”

“எனக்கும்தான் வந்துச்சு. படிச்சிப் பாருங்க. எந்த ஊருல நடந்துச்சுன்னு அதுல இருக்கா? யாரு புள்ளன்னு இருக்கா? என்னைக்குன்னு இருக்கா? ஒண்ணும் இல்ல. நானும் யோசிக்காம பத்துப் பேருக்கு அனுப்பிட்டேன்.”

செல்போன் வைத்திருந்தவர் மறுபடியும் படித்துப் பார்த்தார். பேசவில்லை. அப்போது டீக்கடைக்காரர் சத்தமாகச் சொன்னார்: “இவரை எனக்குத் தெரியும்பா. வருஷா வருஷம் வர்ற ஆளு. என் கடையிலதான் டீ குடிப்பார்.”

முறுக்கிய கை விட்டது. கூட்டம் மெல்லக் கலைந்தது. இவ்வளவும் நடந்தது ஐந்து நிமிடத்துக்குள்.

இது கதை என்பதால் நல்லபடியாக முடிந்தது. உண்மையில் நடந்தவை எல்லாம் இப்படி முடியவில்லை.

உண்மையில் நடந்தது

2018 ஆம் ஆண்டு, ஜூலை மாதம் 1 ஆம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. மகாராஷ்டிர மாநிலம், துலே மாவட்டம், ரையின்பாடா என்ற கிராமம். அன்று அங்கே வாரச் சந்தை. ஐந்து ஆண்கள் அந்த ஊருக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். நாத பந்தி டவரி கோசாவி என்ற நாடோடிச் சமூகத்தினர். ஊர் ஊராகப் போய்ப் பிச்சை வாங்கிப் பிழைப்பது அவர்கள் வழக்கம்.

பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று அந்தப் பகுதியில் செல்போனில் வதந்தி பரவியிருந்தது. வந்தவர்களில் ஒருவர் ஒரு சிறுமியிடம் பேச முயன்றார் என்று சொன்னார்கள். அவ்வளவுதான். கூட்டம் சேர்ந்தது. ஐந்து பேரையும் ஊராட்சி அலுவலக அறைக்குள் தள்ளி அடித்தார்கள். ஐந்து பேரும் இறந்துபோனார்கள். அவர்கள் எந்தப் பிள்ளையையும் பிடிக்க வந்தவர்கள் அல்ல.

இது வேறு மாநிலத்தில் நடந்தது என்று விட்டுவிட முடியாது. அதே 2018 ஆம் ஆண்டு மே மாதம். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோவிலுக்குப் போனது. அதில் ஒரு மூதாட்டி. அறுபத்தைந்து வயது. வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று சொல்லிக் கூட்டம் அவர்களை அடித்தது. மூதாட்டி இறந்துபோனார்.

அந்த ஆண்டு செல்போன்களில் ஒரு படமும் பரவியது. மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பார்த்தவர்கள் பதறினார்கள். ஆனால் அது உண்மைச் சம்பவம் அல்ல. பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக எடுத்த படம். படத்தின் கடைசியில் அந்தக் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். மீதியைத்தான் நாடே பார்த்தது.

இந்தச் சாவுகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்றது. கூட்டமாகச் சேர்ந்து கொல்வதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்று, அதே மாதம் 17 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவு போட்டது.

அரசு செய்வது அரசின் வேலை. படிக்கத் தெரிந்தவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எழுத்தில் இருப்பது எல்லாம் உண்மை ஆகிவிடாது. ஒரு செய்தி வந்தால் அதனிடம் நாலு கேள்வி கேளுங்கள். யார் எழுதியது? எந்த ஊரில் நடந்தது? எந்தத் தேதியில் நடந்தது? யார் நேரில் பார்த்தார்? இந்த நாலுக்கும் பதில் இல்லாத செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். சந்தேகம் வந்தால் போலீஸ் நிலையத்தில் கேளுங்கள். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நீங்களே கையை ஓங்காதீர்கள்.

இவர்கள் யார்?

இப்போது கதைக்குத் திரும்புவோம்.

கூட்டம் கலைந்த பிறகு தாய் அங்கிருந்து போகவில்லை. டீக்கடையில் மூன்று டீயும் இரண்டு பன்னும் வாங்கினார். போத்ராஜும் அவர் மனைவியும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். முதலில் யாரும் பேசவில்லை. தாய்தான் இந்தியும் மராத்தியும் கலந்து பேச்சைத் தொடங்கினார். “கோவிச்சுக்காதீங்க தாயி” என்றார். மராத்தியில் ‘தாயி’ என்றால் அக்கா.

மேளக்காரப் பெண் சொன்னார்: “கோபம் இல்லை தாயி. பயம்தான். முன்னெல்லாம் நாங்கள் வந்தால் முறத்தில் தானியம் கொண்டுவருவார்கள். இப்போது புது ஊருக்குள் போகும்போது யார் என்ன சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. பையனை வீட்டில் விட்டுவிட்டு வரவும் ஆள் இல்லை.”

பிள்ளை பிடிப்பவர் என்று பெயர் வாங்கியவருக்கு, தன் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பதுதான் கவலை.

இதற்குள் சின்னப் பெண் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தன் பன்னில் பாதியைக் கொடுத்தாள். பிறகு போத்ராஜிடம் மெல்லக் கேட்டாள்: “வலிக்குமா?”

அவர் சிரித்தார். சாட்டையைக் காற்றில் சுழற்றி வெடிக்கவைத்துக் காட்டினார். யார் மேலும் படவில்லை. ஆனாலும் ‘டபார்’ என்று சத்தம் வந்தது. சாட்டையைச் சொடுக்கும்போது அதன் நுனி ஒலியைவிட வேகமாகப் போகிறது. அதனால் காற்று அதிர்ந்து வெடிக்கிறது. அந்தச் சத்தம் எல்லாம் அடியின் சத்தம் அல்ல. பிறகு அவர் திரும்பித் தன் முதுகைக் காட்டினார். அங்கே பழைய தழும்புகள் இருந்தன. “இதற்கு வலித்தது, பாப்பா” என்றார்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒருவரை மதிப்பது வேறு. அவர் படும் துன்பத்தைப் புகழ்வது வேறு. தன்னைத் தானே அடித்துக்கொண்டு பிழைக்கும் இந்த வழக்கம் போக வேண்டும் என்று மகாராஷ்டிரத்தில் பலர் பேசியிருக்கிறார்கள். நீண்ட முடியை வெட்டிவிட்டு, சாட்டையை வைத்துவிட்டு, வேறு வேலைக்குப் போன போத்ராஜ்களும் உண்டு. ஆனால் வேறு வேலை கிடைக்கும்வரை வயிறு காத்திருக்காது.

இவர்களைப் போல இந்தியா முழுவதும் தெருவை நம்பி வாழும் கலைஞர்கள் பலர். தலையாட்டும் நந்தி மாட்டோடு வருபவர் மகாராஷ்டிரத்தில் நந்திவாலே. அவரே நம் ஊரில் பூம்பூம் மாட்டுக்காரர். ஒரு நாள் போலீஸ்காரராகவும், மறுநாள் அனுமாராகவும் வேஷம் போட்டு வருபவர் பகுரூபி. ராஜஸ்தானிலும் வங்காளத்திலும் கூட அவர் உண்டு. பொம்மலாட்டக்காரர்கள் ராஜஸ்தானில் பெயர் பெற்றவர்கள். கயிற்றில் நடப்பவர்களை மகாராஷ்டிரத்தில் டொம்பாரி என்பார்கள். நம் ஊரில் கழைக்கூத்தாடி.

இவர்களைக் கண்டால் சந்தேகப்படும் பழக்கம் எப்படி வந்தது? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1871 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று அதற்குப் பெயர். சில சமூகங்களில் பிறந்த எல்லோரையும் குற்றவாளி என்று அது சொன்னது. ஊர் ஊராகச் சுற்றி வாழ்ந்த பல சமூகங்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவர்கள் போலீசில் பெயர் பதிய வேண்டும். சொல்லும் நேரத்தில் போய் ஆஜர் ஆக வேண்டும். அனுமதி இல்லாமல் வெளியூர் போகக் கூடாது. சுதந்திரம் வந்து ஐந்து ஆண்டு கழித்து, 1952 ஆகஸ்ட் 31 அன்று அந்தச் சட்டம் போனது. சட்டம் போனாலும் சந்தேகம் போகவில்லை.

1959 ஆம் ஆண்டில் பம்பாய் மாநிலம் பிச்சை எடுப்பதைத் தடுக்க ஒரு சட்டம் செய்தது. பாட்டுப் பாடியோ, ஆடியோ, வித்தை காட்டியோ தெருவில் காசு வாங்கினால் அதுவும் பிச்சைதான் என்று அந்தச் சட்டம் எழுதியது. அது பிறகு தில்லிக்கும் பொருந்தியது. 2018 ஆகஸ்ட் 8 அன்று தில்லி உயர் நீதிமன்றம், பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவுகள் தில்லியில் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ஏழையாக இருப்பதற்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

கயிற்றின் மேல் ஒரு சிறுமி

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மகளுக்கு ஒரு பழக்கம் வந்தது. தெருவில் யாரைப் பார்த்தாலும் “இவங்க யாரும்மா? இவங்க வீடு எங்க?” என்று கேட்டாள். தெரிந்ததைத் தாய் சொன்னார். தெரியாததை விசாரித்துச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து, ரயில் நிலையத்துக்கு வெளியே டொம்பாரி ஆட்டம் நடந்தது. மூங்கில்களைக் கத்தரிபோல் நட்டு, நடுவே கயிறு கட்டியிருந்தார்கள். கீழே அப்பா மேளம் அடித்தார். மேலே எட்டு வயதுச் சிறுமி நடந்தாள். கையில் நீளமான கழி. கழி ஏன் தெரியுமா? அதன் நீளமும் கனமும் உடம்பு சட்டென்று ஒரு பக்கம் சாயாமல் தடுக்கும். சாயும்போது நிமிர்ந்துகொள்ள ஒரு கணம் கிடைக்கும். அந்த ஒரு கணத்தில்தான் அவள் உயிர் இருக்கிறது. கீழே வலை இல்லை. மெத்தை இல்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். மகளும் தட்டினாள். பிறகு நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “அம்மா, இந்த அக்கா எந்த ஸ்கூல்ல படிக்கிறா?”

தாயிடம் பதில் இல்லை. முன்பு அந்தப் பெண் இவளுக்கு ஒரு வேடிக்கை. இப்போது ஒரு அக்கா. அதனால்தான் இந்தக் கேள்வி வந்தது.

ஆட்டம் முடிந்ததும் தாய் அந்த அப்பாவிடம் கேட்டார். “படிக்க வைக்க ஆசைதான். ஒரு ஊரில் ஒரு மாதம்கூட இருப்பதில்லை. பிறந்த தேதிக்குக் காகிதம் இல்லை. எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்?” என்றார் அவர்.

இது பல குடும்பங்களின் நிலைமை. நாடோடிச் சமூகங்களைப் பற்றி ஆராய அரசு ஒரு ஆணையம் அமைத்தது. ரெங்கே ஆணையம் என்று அதைச் சொல்வார்கள். 2008 ஆம் ஆண்டில் அது அறிக்கை கொடுத்தது. வீடும் நிலமும் அரசு அட்டைகளும் இல்லாமல் இவர்கள் படும் பாட்டை அது எடுத்துச் சொன்னது.

ஆனால் அந்த அப்பாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆம் ஆண்டில் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி உரிமை என்று அது சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. இதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளையை, அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மற்ற பிள்ளைகளோடு சமமாக வர, தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். இடையில் ஊர் மாறினால் வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இதைத் தாய் தன் மாலை வகுப்பில் படித்திருந்தார். அதை அந்த அப்பாவிடம் சொன்னார். ஒரு தாளில் பக்கத்துப் பள்ளியின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே 1098 என்று எழுதினார். அது குழந்தைகளுக்கு உதவி செய்யும் தொலைபேசி எண். காசு கிடையாது. அவருடைய கையெழுத்து கோணல் மாணலாகத்தான் இருந்தது. அப்பா அதை வாங்கி மடித்து, மேளத்தின் வாருக்குள் செருகிக்கொண்டார்.

அந்தச் சிறுமி பள்ளியில் சேர்ந்தாளா? கதை அதைச் சொல்லவில்லை. ஒரு காகிதத் துண்டால் எல்லாம் மாறிவிடாது. ஆனால் அந்தக் காகிதம் கிடைக்காமல் எதுவும் தொடங்காது.

இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து படித்து வந்தவர்கள் உண்டு. மகாராஷ்டிரத்தின் லட்சுமண் கெய்க்வாட் அப்படி ஒருவர். ஆங்கிலேயர்கள் குற்றவாளி என்று முத்திரை குத்திய சமூகத்தில் பிறந்தவர். அவர் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவர் அவர்தான். தன் வாழ்க்கையை மராத்தியில் எழுதினார். ‘உச்சல்யா’ என்பது அந்தப் புத்தகத்தின் பெயர். 1987 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு சாகித்திய அகாதமி விருது பெற்றது. மற்றவர்கள் அவர்களைப் பற்றிச் சொன்ன கதைகளுக்கு நடுவே, அவர்களுடைய கதையை அவர்களே சொன்ன புத்தகம் அது.

மறுபடியும் அதே சோற்றுத் தட்டு

தாய்மார்களே, பெரியோர்களே,

பிள்ளைகளுக்கு எச்சரிக்கை வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் கையை விடாதே என்று சொல்லுங்கள். அம்மா அப்பாவிடம் சொல்லாமல் யாரோடும் போகாதே என்று சொல்லுங்கள். யாராவது தொடுவது பிடிக்கவில்லை என்றால் உடனே வந்து சொல் என்று சொல்லுங்கள். வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் மனப்பாடம் செய்யவையுங்கள். இவை எல்லாம் பிள்ளையைக் காப்பாற்றும். “வேஷக்காரன் பிடிச்சிட்டுப் போவான்” என்ற பயம் பிள்ளையைக் காப்பாற்றாது. இன்னொருவர் உயிருக்கு அது ஆபத்தாக முடியலாம்.

அடுத்த முறை உங்கள் தெருவில் ஒரு வேஷக்காரர் வந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். கையைப் பிடித்துக்கொண்டே நின்று பார்க்கச் சொல்லுங்கள். காசு இருந்தால் கொடுங்கள். இல்லை என்றால் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். “எந்த ஊர் அண்ணே?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். அதுவும் ஒரு பாடம்தான்.

கதையில் வந்த தாய் அன்று இரவு என்ன செய்தார்? முதலில், தான் செய்தி அனுப்பிய பத்துப் பேருக்கும் மறுபடி எழுதினார். “நேற்று அனுப்பியது பொய். யாரும் நம்ப வேண்டாம். தெரியாமல் அனுப்பிவிட்டேன்.” எழுத்துக் கூட்டி எழுத அரை மணி நேரம் ஆனது. பிறகு மகளுக்குச் சோறு போட்டார். மகள் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டாள். தாயின் வாயில் பழைய வார்த்தை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

“பாப்பா, நீ அந்தப் பையனுக்குப் பன்னு கொடுத்தியே. அவன் இப்ப என்ன சாப்பிட்டுக்கிட்டு இருப்பான்?” என்று கேட்டார்.

மகள் யோசித்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் குழந்தைகளைப் பயமுறுத்த யாருடைய பெயரைச் சொல்கிறீர்கள்?

2. உங்கள் ஊருக்கு வரும் தெருக் கலைஞர்கள் யார்? அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

3. செல்போனில் வந்த ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு கேள்விகளையும் அதனிடம் கேட்டுப் பாருங்கள்.

4. உங்கள் ஊருக்கு வரும் நாடோடிக் குடும்பத்தில் பள்ளிக்குப் போகாத பிள்ளை இருந்தால், உங்களால் என்ன செய்ய முடியும்?